விரல் பட்ட நுனி

12 மார்ச் 1998, வியாழன்

ஜப்பான்காரர்களோடு கூட்டாகச் செய்யும் ஃபைபர் ஆராய்ச்சியை இன்று லேபில் அவர்களுக்குக் காட்டினோம். கண்ணாடி இழையின் நுனியை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது என் வேலை. விரல் பட்டால் கெட்டது. புரொபசரே பெருமையாக இழையைக் கழற்றி, நுனியை விரலால் தடவிக் காட்டிவிட்டு மாட்டினார். இழை வழியாக வரும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. “என் ஆள் சரியாகத் துடைக்கவில்லை” என்று அவர்களிடம் இங்கிலீஷில் சொன்னார். பத்தாவது பெயிலான எனக்கும் அவ்வளவு இங்கிலீஷ் புரியும். நான் பெர்மனென்ட் ஆக அவர் கையெழுத்து வேண்டும். அதனால், “சாரி சார்” என்று இளித்தேன். எல்லாம் பார்த்த ஜப்பான்காரர் ஒருவர், என் முகத்தைப் பார்க்காமல் துடைக்கிற பேப்பரை நீட்டினார்.

மர்பி டவுன் வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்.

“அப்பா, உன் வேலையப் பாத்து என்ன சொன்னாங்க?”

“அசந்துட்டாங்க கண்ணு.”

நாளைக்கு ஸ்கூல் பூரா சொல்லப் போகிறாளாம். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது, சீ.