நெளிந்த டம்ளரின் எடை

கடலூர்
2.12.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இடது காதில் இன்னும் இரைச்சல் கேட்கிறதா? சிதம்பரத்தில் நீ வேலை செய்யும் ஹாஸ்டலில் மற்ற சமையல்காரர்கள் உன்னிடம் நன்றாகப் பேசுகிறார்களா?

நீ போன மூன்று மாதமாக நம் பேக்கரி கேக் ஒன்றுகூட மெத்தென்று வரவில்லை. நீ எடுத்துப்போன அலுமினிய டம்ளரைப் போலவே அப்பா ஒன்று வாங்கினார். உன் நோட்டில் இருப்பதுபோல மைதா ஆறு டம்ளர், சர்க்கரை நான்கு, முட்டை பன்னிரண்டு. நான்தான் அளந்தேன். செங்கல்லாக வந்தது. பிறந்தநாளுக்கு வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"ஒங்காத்தா வேணும்னே தப்பா எழுதி வச்சிட்டுப் போயிருக்கா" என்று அப்பா சுடுதட்டை என் முழங்கையில் அழுத்தினார். பள்ளியில் ஓவன் பட்டுவிட்டது என்றேன்.

கொள்ளளவு வேறு, எடை வேறு என்று அறிவியலில் படித்தேன். மைதாவை அமுக்கினால் டம்ளரில் அதிகம் பிடிக்கும், சலித்தால் குறையும். அதனால் எல்லாவற்றையும் கிராமில் எழுது. உன் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றியும் நிறுத்துச் சொல். கிறிஸ்துமஸுக்கு அறுபது கேக் ஆர்டர். அதுவும் கெட்டால் என்னை என்ன செய்வாரோ. அப்பா கையில் சிக்காமல் என் தோழி சிந்துஜா வீட்டு முகவரிக்கே எழுது.

உன் மகள்
எழிலரசி

சிதம்பரம்
6.12.2008

கண்ணு அரசி,

முழங்கையை ஈரம் படாமல் வைத்துக்கொள்.

ஹாஸ்டல் தராசில் நிறுத்தேன். சலித்த மைதா ஒரு டம்ளர் 95 கிராம். சர்க்கரை 145. தண்ணீர் 170.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்பு ஈஸ்டர் அன்று உன் அப்பா அந்த டம்ளரால்தான் என் காதில் அடித்தார். கீழே விழுந்த என்னையும் மிதித்தார், டம்ளரையும் மிதித்தார். காது போனது, டம்ளர் உள்வாங்கியது. அதிலேயே தொடர்ந்து அளந்தேன். மாவு குறைந்தது, முட்டை குறையவில்லை, கேக் மெத்தென்று வந்தது. நம் கேக்குக்குப் பேர் வந்ததே அதற்கப்புறம்தான். நோட்டில் எழுதியதும் அந்த அளவுதான். இதை அவரிடம் சொல்லாதே. எடையை மட்டும் சொல். ஜனவரியில் எனக்கு ஒரு அறை கிடைக்கும். உன்னைக் கூட்டிக்கொள்கிறேன்.

அம்மா
மங்கலம்

கடலூர்
19.12.2008

அன்புள்ள அம்மா,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

எடை போட்டுச் செய்த முதல் தட்டு பஞ்சாக உயர்ந்தது. எதிர் மருந்துக்கடை சுப்புராயன் மாமாவைக் கூப்பிட்டு, "எம்மவ மூளையப் பாத்தியா மச்சான்" என்றார் அப்பா. "எப்புடிடீ கண்டுபுடிச்ச?" என்று என்னைக் கேட்டார். நீ சொல்லாதே என்றது மறக்கவில்லை. ஆனால் விடை தெரிந்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது அம்மா.

"புது டம்ளர்ல தண்ணி எரநூறு, அம்மாவோடதுல நூத்தி எழுவது. முப்பது மில்லி பள்ளம். நீங்க மிதிச்சது" என்றேன்.

அப்பா சிரித்தார். "அப்ப நா மிதிச்சதுலதான் கடையே ஓடுது! ஒங்காத்தா என்னிய கும்புடணும்."

"அம்மாவுக்கு ஒரு காது கேக்கல" என்றேன். இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து என் வலது மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. சுப்புராயன் மாமா குறுக்கே விழாவிட்டால் மறுபடியும் ஓங்கியிருப்பார்.

இந்த முறை ஓவன் என்று சொல்லவில்லை, டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது சிந்துஜா வீட்டில் இருக்கிறேன். திங்கட்கிழமை காலை மாமா பஸ் ஏற்றிவிடுகிறார். பஸ் ஸ்டாண்டில் வந்து நில்.

இன்று அப்பா மாதா கோயிலுக்குக் குடில் கட்டப் போன நேரத்தில் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டி மேல் ஒரு அட்டை ஒட்டினேன். மைதா 570 கிராம், சர்க்கரை 580, முட்டை 12. தப்பாக எழுத மனம் வரவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இவை எங்கள் அப்பா, அம்மாவின் காதில் அடித்து, மிதித்து நெளித்த டம்ளரில் எடுத்த அளவுகள்.'

கேக் வாங்க வந்த ஒரு அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு என் மாவுக்கட்டைப் பார்த்தார். கேக் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அந்த டம்ளரை இனித் தூக்கிப் போட்டுவிடு அம்மா. எடை நமக்குத் தெரியும்.

உன்
அரசி