குடும்பத்தோடு போனால் பாட்டில் கிடையாது

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
7 அக்டோபர் 2007

அன்பு மகன் லூதோவிக்குக்கு அம்மா எழுதுவது. மாதா கருணையில் முட்டிவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகளும் பேத்தி கிளோதினும் அங்கே குளிர் வருவதற்குள் நல்ல சுகத்தோடு இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் கூப்பிட்டால் நல்லா இருக்கேம்மா, வேலையா இருக்கேம்மா என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதை நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தானே ஆகவேண்டும். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தனக்கொடியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ராத்திரியெல்லாம் அழுகிறது, எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

நீ ஜூலையில் கோபித்துக்கொண்டு போனது என் மனசில் கிடந்து அறுக்கிறது. மருமகளுக்கு லீவு கிடைக்காமல் நீயும் கிளோதினும் மட்டும் வந்திருந்தீர்கள். உன் பிறந்த நாளுக்கு ஆட்டுக்கறி சமைத்து வைத்துவிட்டு, அப்பா இருந்தபோது மாதிரி மேசையில் ஒரு சிவப்பு ஒயின் இருக்கட்டும் என்று மூன்று பேரும் மளிகைக்குப் போவதுபோல விழுப்புரம் ரோட்டுக் கடைக்குப் போனோம். பிரான்சில் நீங்கள் அப்படித்தானே வாங்குகிறீர்கள், நமக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. கடைக்காரன் கிளோதினைப் பார்த்து, பாப்பாவுக்கு என்ன வயசு என்றான், அவள் பெருமையாகப் பதினாறு என்றாள். போச்சு. சின்னப் பிள்ளை கூட இருந்தா தர முடியாது சார் என்றுவிட்டான். அவளை வெளியே நிற்கச் சொன்னோம், அங்கே நின்ற குடிகாரர்கள் உற்றுப் பார்த்ததில் பயந்து உள்ளே ஓடிவந்தாள். சரிப்பா, எனக்கு அறுபத்தெட்டு ஆவுது, என் கையில குடு என்றேன் நான். நீங்களும் அந்தப் பாப்பா கூட வந்தவங்கதானேம்மா என்றான். ஒரு குடும்பத்துக்கே தடை போட்டுவிட்டான். நீ அவனோடு கத்தி, நான் உன்னை இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம், கறி பாதிக்கு மேல் சட்டியிலேயே கிடந்தது. இந்த ஊருக்கு மனுஷன் வருவானா, அடுத்த வருஷம் லீவுக்கு நாங்க ஸ்பெயின் போறோம் என்றாய். கோபத்தில் சொன்னது என்றுதான் நினைத்தேன். போன மாதக் கடைசியில் மருமகள் போன் செய்தபோது, ஸ்பெயினில் தங்க வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்தச் சட்டத்தைச் சரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டால் உனக்கு மறுபடி அந்த அவமானம் வராது, நீ வருவாய் என்று ஒரு நப்பாசை. நாலு பேரைக் கேட்டேன், நாலு சட்டம் சொன்னார்கள். தனக்கொடியின் வீட்டுக்காரர் பலராமன் லாரி ஓட்டுகிறவர், இங்க பதினெட்டு முடிஞ்சா போதும், தமிழ்நாட்டு எல்லை தாண்டினா இருபத்தொண்ணு, இங்க வாங்கின பாட்டிலோட செக்போஸ்ட்ல மாட்டினா வண்டியே போயிடும் என்றார். அரியாங்குப்பத்துக் கன்னியம்மாளின் மகன், அதெல்லாம் எவன் ஆயா கேக்கறான் என்று சிரித்தான். கடைக்காரனையே கேட்டுவிடுவோம் என்று பை எடுத்துக்கொண்டு போனால் ஷட்டர் இறக்கிக் கிடக்கிறது. வாசலில் நின்ற ஒருத்தன், இன்னிக்கு காந்தி பொறந்த நாளு ஆயா, எங்களுக்கே இல்ல, நீங்க வேறயா என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் திரும்பப் போனேன். அதே கடைக்காரன்தான், என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கூட யாரும் வரலியாம்மா என்றான். யாரும் இல்லப்பா என்றேன். அவ்வளவுதான், வயசு கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை, நான் கேட்ட சிவப்பு ஒயினைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டான். கூட யாரும் இல்லாதவளுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது லூதோவிக். வீட்டுக்கு வந்து பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் அழுதேன். தனியாக இருப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பாட்டில் அலமாரியில் இருக்கிறது, நீ அந்தக் கடைப் படியை மிதிக்கவே வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது அப்படி எழுத மனசு வரவில்லை. உன்னையும் கிளோதினையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய் நிற்க வேண்டும், அவன் கிடையாது என்று சொல்ல வேண்டும், நீ கத்த வேண்டும், நான் உன் கையைப் பிடித்து வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். பாட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. கிளோதினுக்கு ஆயாவின் முத்தம், யார் வயசு கேட்டாலும் உண்மையையே சொல்லச் சொல், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஸ்பெயின் வீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை மருமகளுக்கும் வாசித்துக் காட்டு.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா