‘மு.போ.’ என்று எழுதப்பட்ட மருத்துவ அட்டை குறித்த மனு

அனுப்புநர்
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்மாமன்,
எடைக்கருவி பழுதுபார்ப்பவர்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில், ஒட்டிய உறைக்குள் உள்ளன. காரணம் பத்தி 6-இல்.)

பெறுநர்
தரக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
மருத்துவ நிலையங்கள் பிரிவு.

பொருள்: பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள மாணவர் மருத்துவ நிலையத்தில் நோயாளியின் ஒவ்வாமை விவரத்தை அட்டையில் எழுதாமல் விட்டது, அதற்குச் சான்றான அட்டையை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிக்கொள்ள முயல்வது – உடனே ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தோரு ஆண்டுகளாக எடைக்கருவிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். சந்தேகப்படுவதுதான் என் தொழில். “நான் சரியாகத்தான் இருக்கிறேன்” என்று முள்ளை நடுவில் நிறுத்திக் காட்டும் தராசைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்ப்பேன். என் அக்கா இதைக் குணக்கேடு என்பாள். பேச்சில் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் வழக்கமும் எனக்கு உண்டு. கூட்டிச் சொன்ன இடங்கள் பல்லை இளித்துக்கொண்டு தாமே தெரியும். தேதியிலும், நேரத்திலும், அட்டையில் உள்ள எழுத்திலும் ஒரு கிராம்கூட நான் கூட்டவில்லை.

2. என் அக்கா மகளுக்குப் பெனிசிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாது. ஆறு வயதிலேயே தெரிந்த விஷயம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது மருத்துவப் படிவத்தில் அவளே கட்டை எழுத்தில் அதை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள். சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை பத்தே முக்காலுக்குத் தொண்டைக் கட்டோடு மேற்படி நிலையத்துக்குப் போனாள். மருத்துவர், “அலர்ஜி ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டிருக்கிறார். கேட்டது நல்ல கேள்வி. அதை மறைக்க மாட்டேன். தொண்டை வீங்கி வாய் திறக்க முடியாத பெண், மேசைமேல் இருந்த தன் அட்டையை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தது பெனிசிலின் வகை மாத்திரை. படிவத்தில் எழுதியது அட்டையிலும் ஏறியிருக்கும் என்று அவள் நினைத்தாள். இருவரும் அட்டையை நம்பினார்கள். பன்னிரண்டு மணிக்குள் அவள் உதடும் கண்ணிமையும் வீங்கி, மூச்சு விசில் அடித்தது. அறைத்தோழி கிடைத்த வண்டியில் ஏற்றிப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால், இன்று நான் புகார் மனு எழுதுகிறேன். இல்லையென்றால் வேறொன்றை எழுத வேண்டியிருந்திருக்கும்.

3. அவள் மூன்றாம் நாள் வீடு திரும்பிய பிறகு, அட்டையை எடுத்துக்கொண்டு நான் நிலையத்துக்குப் போனேன். காத்திருப்பு அறையில் நான் இருந்த நேரத்தில் ஓர் ஆமை உலகத்தைச் சுற்றி வந்து, களைப்பாறி, இரண்டாம் சுற்றுக்கும் கிளம்பியிருக்கும். தொழில் பழக்கத்தால் மூலையில் இருந்த எடைக்கருவியைக் கவனித்தேன். ஆளே ஏறாமல் அது நான்கு கிலோ காட்டியது. யாருடைய நான்கு கிலோ என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கு நேர் மேலே, தங்கள் அலுவலகம் வழங்கிய தரச் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது: “அட்டைகள் முழுமையாக நிரப்பப்படுகின்றன: நூற்றுக்கு நூறு.” ஐயா, நான் யாரையும் நோக்கி விரல் நீட்டவில்லை. விரல்தான் தானாக அந்தப் பக்கம் போகிறது.

4. அந்த நூற்றுக்கு நூறின் இலட்சணம் பின்வருமாறு. பதினான்காம் தேதிப் பக்கத்தில் எடை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை ஆகிய மூன்று கட்டங்களிலும் “மு.போ.” என்று இருக்கிறது. ஏதோ புது நோயின் பெயராக்கும் என்று முதலில் பயந்துபோனேன். விசாரித்ததில், “முன்பு போல” என்பதன் சுருக்கமாம். சரி, முன்பு எப்படி என்று பார்க்க முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அங்கும் மு.போ. அதற்கு முந்தைய பக்கத்திலும் மு.போ. இப்படியே ஏழு பக்கம் பின்னோக்கி நடந்து, செருப்புத் தேய்ந்து, முதல் பக்கத்தை அடைந்தேன். முதல் வருகையின் முதல் கட்டத்திலும் மு.போ.! எதற்கு முன்பு? அவள் பிறப்பதற்கு முன்பா?

5. செவிலியர் அம்மா பதறாமல் விளக்கினார். அவர் பேச்சு அப்படியே: “கட்டம் காலியா இருந்தா மேலாளர் கார்டைத் திருப்பி எறிஞ்சிடுவார் சார். தர விதியாம். ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம். நான் எடை பார்ப்பேனா, எழுதுவேனா? முதல் பக்கத்துல மு.போ.ன்னா சேர்க்கைப் படிவத்துல இருக்கிறபடின்னு அர்த்தம்.” அந்தப் படிவம் எங்கே என்றேன். பூட்டிய இரும்பு அலமாரியைக் காட்டினார். சாவி மேலாளரிடம். தாம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு ஆண்டுகளில் அது திறந்து பார்த்ததில்லை என்றார். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆகவே எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கோப்பை மூடிவிடக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

மேலாளரிடம் போனேன். தேநீர் கொண்டுவரச் சொன்னார். எனக்கு மரியாதை கூடும்போதெல்லாம் சந்தேகமும் கூடும். “ஆறாயிரம் பிள்ளைங்களைப் பார்க்கிறோம் சார். ஒரே ஒரு கேஸை வச்சு எங்களை எடை போடாதீங்க” என்றார். என் தொழிலே அதுதான் என்றேன். தேநீர் வரவேயில்லை.

6. இனிமேல் சொல்வதுதான் அவசரமானது. நான் போய் வந்த நான்காம் நாள், அட்டைகள் எல்லாம் கணினிக்கு மாறுவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். பழைய அட்டையை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்தால்தான் உடல் தகுதிச் சான்று தருவார்களாம். அந்தச் சான்று இல்லாமல் திங்கட்கிழமை தொடங்கும் ஆய்வகப் பயிற்சிக்கு என் அக்கா மகள் போக முடியாது. போகாவிட்டால் அவளுக்கு ஓராண்டு வீண். நேற்று அவள் போய்க் கேட்டபோது, கணினித் திரையில் தன் பெயரைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வாமை என்ற இடத்தில் “இல்லை” என்று இருந்தது. கணினி மு.போ.வை ஏற்கவில்லையாம்; அதனால் அத்தனை மு.போ.வையும் “இல்லை” ஆக்கிவிட்டார்களாம். திருத்தச் சொன்னதற்கு, “முதல்ல பழைய கார்டைக் குடும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில். அட்டை போய்விட்டால், பதினான்காம் தேதி நடந்ததற்கு எழுத்தில் சாட்சியே இல்லை. அவள் சான்று அவர்கள் கையில் இருப்பதால்தான் பெயரை உறைக்குள் வைத்தேன்.

ஐயா, இந்த ஆறாயிரம் பேரில் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எத்தனை பேரோ! அத்தனை பேருக்கும் ஒரே நாளில் உடம்பு சரியாகிவிட்டது. தேவர்களாலும் செய்ய முடியாத வைத்தியம்.

7. ஆகவே நான் வேண்டுவது:

வெள்ளிக்கிழமைக்கு முன், சொல்லாமல் கொள்ளாமல், தாங்களே நேரில் வர வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் அந்த எடைக்கருவிகூட ஒழுக்கமாகச் சுழியத்தில் நிற்கும். அலமாரியைத் தங்கள் முன் திறக்கச் செய்து, படிவங்களில் உள்ளதைப் பார்த்துக் கணினியில் ஒவ்வொருவருக்கும் பதிய வைக்க வேண்டும். அதுவரை ஒரு மாணவரிடமும் பழைய அட்டையை வாங்கக் கூடாது. அட்டையைக் காரணம் காட்டாமல் என் அக்கா மகளுக்குச் சான்று கிடைக்கச் செய்ய வேண்டும். அட்டையின் எட்டுப் பக்க நகலும் பொது மருத்துவமனைக் குறிப்பும் இத்துடன் இணைத்துள்ளேன். மூல அட்டை என்னிடம் இருக்கிறது. அதைத் தங்கள் கையில் மட்டுமே தருவேன்.

8. கடைசியாக ஒன்று. இதில் மிகை எதுவும் இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவள் தன் இடது மணிக்கட்டில், தனக்கு ஆகாத மருந்தின் பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்கிறாள். மயங்கி விழுந்தால் யாராவது படிப்பார்கள் என்பது அவள் கணக்கு. குளித்தால் அழிந்துவிடுகிறது. துவட்டிக்கொண்டு வந்து, மறுபடி எழுதுகிறாள். இன்று காலையும் எழுதினாள். அந்த ஒரு சொல்லை அழியாத இடத்தில் எழுத வையுங்கள் ஐயா.

நாள்: அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை
இடம்: தனித்தாளில் கண்டபடி

தங்கள் வருகைக்காக வாசலைப் பார்த்தபடி,
(ஒப்பம்)
மாணவியின் தாய்மாமன்