இலை அல்ல

ரிங்லெட்
4.3.2024

அன்புள்ள ஷெர்லி,

மழையும் சளியும் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைத்தான் நீ எழுதுவதில்லை. ஈப்போவில் கல், கனிமக் காட்சிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் எஸ்டேட் லைன் வீட்டுச் சிநேகிதியை மறந்தாயிற்று.

பார்சலில் ஒரு கல் இருக்கிறது. தேயிலை எஸ்டேட்டில் மண் சரிந்த இடத்தில் எடுத்தேன். கல்லுக்குள்ளே பெரணிச் செடி. போனில் படம் சரியாக விழவில்லை, அதனால் கல்லையே அனுப்புகிறேன். “கல்லுக்குக் கடுதாசி வச்சு அனுப்புற ஆளு நீ ஒருத்திதான்லா” என்று கங்காணி விஜயன் சிரித்தார். பார்த்துச் சொல்.

உன் குமுதா


ஈப்போ
14.3.2024

என் தங்கக் குமுதா,

மறப்பேனாடி? பார்சலைப் பிரித்ததும் கத்தியே விட்டேன். புதைபடிவம்தான், கல்லாகிப் போன இலை. எங்கள் அதிகாரி வெளியூரில் இருக்கிறார். அவர் வருவதற்குள் கண்ணாடிப் பெட்டிக்கு அட்டையும் எழுதிவிட்டேன்: ‘பெரணி. கண்டெடுத்தவர்: குமுதா.’ ஏப்ரல் 21 ஞாயிறு கண்காட்சித் திறப்பு. பட்டுப் புடவையில் வா. கல்லைப் பெரிதாக்கி எடுத்த படம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஷெர்லி


ரிங்லெட்
22.3.2024

அன்புள்ள ஷெர்லி,

படத்தை லைன் முழுக்கக் காட்டினேன். விஜயன் இரண்டு தரம் வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக்குள் என் பெயர் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அத்தனை ஆசை.

ஆனால் அந்த அட்டையை வைக்காதே. இது இலை இல்லை. இருபத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்த கை இது, எனக்குத் தெரியும். இலை என்றால் காம்பு வேண்டும், நடு நரம்பு வேண்டும். இதில் எல்லாக் கிளையும் கல்லின் விரிசலிலிருந்து கிளம்புகிறது, ஈரச் சுவரில் கறை படர்வது போல. அதிகாரியிடம் கேள். உனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. புடவை பெட்டியிலேயே இருக்கட்டும்.

குமுதா


ஈப்போ
1.4.2024

என் குமுதா,

உன் கடிதத்தை அதிகாரியிடம் அப்படியே வாசித்தேன், தலை குனிந்துதான். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நீ சொன்னதே சரி. விரிசலில் இறங்கிய தண்ணீர் விட்டுப் போன மாங்கனீசுக் கறையாம், படித்தவர்களே ஏமாறுவார்களாம். குமுதா எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டார்.

“கொழுந்து எடுக்கிறவங்க சார். என் கூட்டாளி” என்றேன். அப்படியொரு பெருமை எனக்கு என் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

கல் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கும். வருகிறவர்களும் ஏமாறாமல் இருக்க வேண்டுமே என்றார் அதிகாரி. ஒரு கல் இன்னதென்று தீர்த்துச் சொன்னவர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:

‘இலை அல்ல. கண்டறிந்தவர்: குமுதா, தேயிலைத் தோட்டத் தொழிலாளி, ரிங்லெட்.’

புடவையை வெளியே எடு. விஜயனையும் கூட்டி வா.

உன் கூட்டாளி
ஷெர்லி