வெளியாள் விலை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் பேசினால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

குடிவந்து பத்து நாளாகிவிட்டது. இரண்டே அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. ஆனாலும் என் வீடு! மருந்துக்கடையை விற்றபோது அண்ணன் எவ்வளவு பயமுறுத்தினார் தெரியுமா? "பாஷை தெரியாத நாட்டுல போய் வீடு வாங்குறேங்கிறியே, எவன் உன் தலையில மிளகாய் அரைக்கலாம்னு காத்துக்கிட்டிருப்பான்" என்றார். "என் தோழி அங்கே வீடு விற்கிற ஆபீஸ்லதான் மொழிபெயர்ப்பாளரா இருக்கா. அவ வாய் இருக்கும்போது எனக்கெதுக்குப் பாஷை?" என்றேன். பேரம் பேசிய அன்று மகள்கூட, "நானும் வரட்டுமாம்மா, எனக்குக் கொஞ்சம் பேச வருமே" என்றாள். "சித்தி இருக்கும்போது நீ எதுக்கு? போய் பரீட்சைக்குப் படி" என்று விரட்டிவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. மாடிவீட்டில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருக்கிறாள். மகளை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். என்ன விலைக்கு வாங்கினேன் என்று கேட்டாள். சொன்னேன். டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். ஏன்டி, நான் ஏமாந்துவிட்டேனா?

உன்
மாத்திரை

மார்ச் 11

அன்புள்ள மாத்திரைக்கு,

ஏமாறவெல்லாம் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு வங்கியில் கடன் கிடைக்கும். ஆறு மாதம் பொறுத்திருந்து பேரம் பேசுவார்கள். உனக்கு விசா முடிவதற்குள் வீடு வேண்டியிருந்தது. "அவங்க ஊர்ல இந்தக் காசுக்கு கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது, அவங்களுக்கு இது மலிவுதான்" என்பார் எங்கள் முதலாளி. யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நர்ஸ் கேட்டதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஜன்னலுக்குத் திரை வாங்கிவிட்டாயா? ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். நானே வந்து மாட்டித் தருகிறேன். இப்போது வேலை கழுத்தைப் பிடிக்கிறது. மகளுக்கு என் முத்தங்கள்.

உன்
வாயாடி

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

திரை நானே மாட்டிக்கொண்டேன். அது இருக்கட்டும்.

நர்ஸ் குடியிருக்கும் வீட்டை அவளே வாங்குவதாக இருந்தாளாம். ஏழு வருஷம் இரவுப்பணி பார்த்துச் சேர்த்திருக்கிறாள். வீட்டுக்காரரோடு விலையும் வாய்ப்பேச்சில் முடிந்திருந்தது. இப்போது அவர், "கீழ்வீட்டுக்கு ஒரு வெளியாள் இவ்வளவு குடுத்திருக்கா. நான் மட்டும் ஏன் குறைச்சு விக்கணும்?" என்று ஏற்றிவிட்டாராம். வாங்க முடியாவிட்டால் ஜூனுக்குள் காலி செய்ய வேண்டும். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறாள். கூடக் கொடுத்தால் அது என் நஷ்டம், என்னோடு போகும் என்றுதான் நினைத்திருந்தேன். என்னால் இன்னொருத்தி தெருவில் நிற்பாள் என்று நினைக்கவில்லை. சோறு இறங்கவில்லையடி.

"விற்றவர் என்ன விலை சொன்னாருன்னு சித்திகிட்ட சரியா கேளும்மா" என்கிறாள் மகள். அவளைத் திட்டிவிட்டேன். "என் பக்கத்துல உக்காந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னவடி அவ" என்றேன். சரிதானே?

உன்
மாத்திரை

ஏப்ரல் 9

மாத்திரைக்கு,

சரியில்லை.

மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

பேரம் பேசிய அன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஃப்ரெண்டுன்னு கூச்சப்படாதே. வெளியாளுக்கு வெளியாள் விலைதான்" என்று ஒரு தொகையைச் சொன்னார். வீட்டை விற்றவர் பஸ் ஓட்டிப் பிழைத்த மனுஷர். உன் முகத்தைப் பார்த்து நிதானமாக அவர் விலையைச் சொன்னார். நான் உன் பக்கம் திரும்பி எங்கள் விலையைச் சொன்னேன். அவர் சொன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். நீ என் கையைத் தட்டி, "குறைப்பாரான்னு கேளுடி" என்றாய். நான் அவரிடம், குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். "முடியாதுங்கிறார்" என்றேன். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். அவரும் சிரித்தார்.

நீங்கள் இருவரும் ஆபீசோடு தனித்தனியாகத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். நடுவில் நின்ற பணத்தை முதலாளி எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒரு பங்கு தந்தார். அதில் பல் கட்டிக்கொண்டேன்.

நானும் இங்கே வெளியாளாக வந்தவள்தான். வந்த புதிதில் வாடகையிலிருந்து செருப்பு வரை எல்லாவற்றுக்கும் இரட்டிப்புக் கொடுத்தேன். ஊர் வழக்கமே இதுதான் என்று மனசைப் பழக்கிக்கொண்டேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்ல எனக்கு ஆளில்லை.

என் பங்கை மாதாமாதம் திருப்பித் தருகிறேன். என்ன திட்டுவதானாலும் திட்டு.

வாயாடி

ஏப்ரல் 13

வாயாடிக்கு,

திட்டு வரவில்லை.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடிவீட்டின் சொந்தக்காரர் வருகிறார். நர்ஸும் இருப்பாள். நீ வா. என் வீடு உண்மையில் என்ன விலை என்று அவர் பாஷையிலேயே சொல். யார் எது பேசினாலும் அப்படியே சொல்.

மாத்திரை

ஏப்ரல் 26

வாயாடிக்கு,

உனக்கு வேலை போய்விட்டது என்று மகள் சொன்னாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்துதான் வந்தாய். அதை நான் மறக்கவில்லை.

நீ எல்லாவற்றையும் சொல்லியும் மாடிவீட்டின் சொந்தக்காரர் அசையவில்லை. "குடுத்தாங்கல்ல? அப்போ அதுதான் விலை" என்று அவர் சொன்னதை நீ எனக்கு அப்படியே சொன்னாய். அப்புறம் நர்ஸ் உன்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "என்னடி சொல்றா?" என்று கேட்டேன். "'இந்தப் பொம்பளை சொன்ன பொய்யால நான் பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன்'னு சொல்றாங்க" என்றாய். ஒரு சொல்லைக்கூட நீ தணிக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நேற்று அவள் காலி செய்துவிட்டாள். புது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமாம். பெட்டிகளை நானும் மகளும் இறக்கிக் கொடுத்தோம். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

உன் பங்கை வேண்டாம் என்று பெருந்தன்மை காட்ட மாட்டேன். வேறு வேலை கிடைத்த பிறகு அனுப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிறு மகள் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாளே, அவளை அங்கே உட்காரச் சொன்னது நான்தான். நீ சொல்வது சரியா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாமே சரி என்றாள். ஆனால் நீ ஒவ்வொரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லையடி. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாத்திரை