சிவப்புப் பட்டை

12 ஆகஸ்ட், இரவு

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன், அப்பா செய்ததையும் சேர்த்து.

மாலையில் வைத்திக்குப்பம் கரையில் படகு நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை. சித்தப்பா துடுப்பால் அப்பாவின் மண்டையை உடைத்தார். அப்பா அதையே பிடுங்கி அவர் வயிற்றில் மூன்று முறை குத்தினார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், ரத்தம் வழியக் கத்திய அப்பாவுக்கு நர்ஸ் மஞ்சள் பட்டை கட்டினார். ஒரு சொட்டு ரத்தமில்லாமல் முனகிய சித்தப்பாவுக்குச் சிவப்பு. சிவப்புதான் முதலில் உள்ளே போகும்.

"மண்ட பொளந்து நிக்கிறாரு, வயித்துவலிக்காரன் மொதல்லயா?" என்றார் மாமா.

"கத்துறவருக்கு மூச்சு இருக்குங்க. முனகுறவருக்குத்தான் உள்ளுக்குள்ள ரத்தம் போவுது," என்றார் நர்ஸ்.

மாமா நர்ஸை அறைந்தார். நர்ஸின் வாயெல்லாம் ரத்தம். மாமா சித்தப்பாவின் கையிலிருந்த சிவப்புப் பட்டையை அறுத்து அப்பாவின் கையில் சுற்றினார். எங்கள் ஆட்கள் கதவுக் கண்ணாடியை நொறுக்கினார்கள்.

டாக்டர் ஓடிவந்து, "சிவப்பு யாரு?" என்றார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்பாவைக் காட்டினார்கள். நான் சித்தப்பாவைக் காட்டினேன். அவரைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனார்கள்.

"நீ யாரு பெத்த பொண்ணுடி?" மாமா என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

அப்பா எட்டுத் தையலோடு வீடு வந்துவிட்டார். சித்தப்பாவுக்கு ஆபரேஷன் இன்னும் முடியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் பொழச்சிக்குவானா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.