தம்பிக்குத் தெரியாத காரணம்

அக்கா,

இன்று காலை உங்கள் தம்பி வந்தார். வெயிலில் வந்தவருக்குக் கேன் தண்ணீரில் ஒரு சொம்பு கொடுத்தேன். கடகடவென்று ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நான் அந்தக் காலிச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நாவல் மறுபதிப்பு வரப்போகிறது. நீங்கள் கண் மூடும் முன் புத்தகங்களின் பொறுப்பை என்னிடம் விட்டுப்போனது தெரிந்து, விமானம் ஏறி வந்திருக்கிறார். "அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிடுங்கோ. ஊரே மறந்துபோச்சு. எங்கட அம்மாவை ஏன் இன்னும் நாறடிக்கிறியள்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் எத்தனை வருஷம் தைத்தோம். இங்கே இருந்துகொண்டு நான்கு நாவல் எழுதினீர்கள், ஒன்றிலாவது ஆம்பூர் உண்டா? எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் விட்டுவந்த தீவுதான். பனங்காடு, வேலிச் சண்டை, உப்புக் கிணறுகளுக்கு நடுவே ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அந்தக் கிணறு வற்றிய வருஷம், நாக்கு வறண்டு வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லையென்று உங்கள் அம்மா வேலிப் படலைக் கதவைச் சாத்தினார். அவள் வேலியோரத்திலேயே செத்துப்போனாள். தம்பி எடுக்கச் சொல்வது அந்த அத்தியாயத்தைத்தான்.

அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த அன்று நானும் கேன்டீனில் உங்களோடு சண்டை போட்டேன். "இன்னாக்கா, பெத்த அம்மாவப் போய் இப்படி எழுதியிருக்கீங்க? ஏன் குடுக்கலைன்னு ஒரு வரி எழுதக்கூடாதா?"

நீங்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டீர்கள். "வீட்டிலை இருந்தது ஒரு செம்புத் தண்ணி. தம்பி கைக்குழந்தை. வயித்தாலை போய், கண் செருகிக் கிடந்தவன். அதைக் குடுத்திருந்தா அவன் இல்லை."

"அதையே எழுதுங்கக்கா. அம்மா பேராவது தப்பிக்கும்."

"செத்தவளை எழுதாமல் விடேலாது. காரணத்தை எழுதினா, அவன் இனி எப்பிடித் தண்ணி குடிப்பான்?"

புத்தகம் வந்ததோடு தம்பி உங்களிடம் பேச்சை நிறுத்தினார். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனை எடுக்கவில்லை. அப்போதும் சொல்லக் கூடாதென்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

இன்று, "எடுக்க முடியாதுங்க" என்றேன்.

"ஏன்? ஒரு காரணம் சொல்லுங்கோ, போறன்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது அக்கா. என் வாய் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மேல் இருக்கும் கோபமெல்லாம் போய்விடும். மனிதர் அங்கேயே உடைந்தும் போவார்.

"அக்கா எழுதுனது அப்படியே இருக்கட்டுங்க" என்றேன்.

"பெத்த தாயை வித்தவள் அவ. நீங்களும் அதுக்குக் கூட்டு" என்று செருப்பை மாட்டினார். நாளைக்கும் வருவாராம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். இதை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டீர்கள். அவருக்காக முதலில் உங்கள் அம்மா கெட்ட பெயர் எடுத்தார், அப்புறம் நீங்கள் எடுத்தீர்கள். இனி நான். நாளைக்கும் அவர் திட்டட்டும், நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.